கடைசி பஸ்ஸுக்கு முன் விழா முடியட்டும்: ஏற்காட்டிலிருந்து ஒரு தாயின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கும், பெற்றோர் ஆசிரியர் கழகப் பொறுப்பாளர்களுக்கும், நம் பள்ளியில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

டிசம்பர் மாத நிகழ்ச்சிகள் பற்றிய சுற்றறிக்கையை என் மகள் வெள்ளிக்கிழமை மாலை கொண்டுவந்து கொடுத்தாள். அறிவியல் கண்காட்சி, பெற்றோர் கூட்டம், அரையாண்டுத் தேர்வு, தேர்வு முடிகிற அன்று மாலை 5 மணிக்குக் கிறிஸ்துமஸ் விழா, விடுமுறையில் பத்தாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு என்று எல்லாம் ஒரே தாளில் இருந்தன. நல்ல செய்திகள்தான். ஆனால் அந்த 'மாலை 5 மணி' என்ற இடத்திற்கு வந்ததும் எனக்கு மேலே படிக்க ஓடவில்லை.

நாகலூர்ச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். எங்கள் பக்கம் வரும் கடைசி பஸ் ஏற்காட்டிலிருந்து 5.45 மணிக்குப் புறப்படுகிறது. சாலையில் இறங்கி அரை மணி நேரம் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே நடந்தால்தான் வீடு. டிசம்பரில் 6 மணிக்குப் பொழுது சாய்ந்துவிடும். பனிமூட்டம் இறங்கிவிட்டால் அதற்கும் முன்பே இருட்டு. அந்தப் பாதையில் காட்டெருமை நிற்கும். நாங்கள் பழகியவர்கள்தான், என்றாலும் கையில் டார்ச் இல்லாமல் பெரியவர்களே போவதில்லை.

சென்ற ஆண்டு நடந்ததை எழுதுகிறேன். யாரையும் குற்றம் சொல்லும் நோக்கம் எனக்கு இல்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து, சேலத்திலிருந்து ஏறி வரும் வழியே அடைபட்டதை நாம் எல்லோரும் பார்த்தோம். மாதக் கடைசியிலும் போக்குவரத்து முழுதாகச் சீராகவில்லை. விழாவுக்கு வரவேண்டிய சிறப்பு விருந்தினர் சேலத்திலிருந்து கிளம்பி, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி வந்து சேர்ந்தபோது 6 மணி ஆகிவிட்டது. அவருக்காகக் காத்திருந்து விழாவைத் தொடங்கினீர்கள். அதில் தவறு காண மாட்டேன், விருந்தாளியை விட்டுவிட்டுப் பந்தி வைக்க முடியாது. ஆனால் நிகழ்ச்சி முடியும்போது மணி ஏழே கால். எங்கள் பஸ் போய் ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.

எங்கள் பக்கத்து மூன்று ஊர்களைச் சேர்ந்த 11 பிள்ளைகள் மேடை வேடத்தோடு பள்ளி வாசலில் நின்றார்கள். பழ மூட்டைகளை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பிக்கப் வண்டியை இரண்டு ஆசிரியர்கள் மறித்து, பிள்ளைகளை ஏற்றி, தாங்களும் கூடவே வந்தார்கள். அவர்கள் இருவரையும் நான் மறக்கவில்லை. அந்தக் குளிரில் எங்களுக்காக வந்துவிட்டு, அவர்கள் வீடு திரும்ப இரவு எத்தனை மணி ஆயிற்றோ.

நாங்கள் பெற்றோர்கள் ஏழு பேர் சாலை பிரியும் இடத்தில் நின்றிருந்தோம். அங்கே கைப்பேசிக்குச் சிக்னல் கிடையாது. பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாமல் இரண்டு மணி நேரம் நின்றோம். வண்டி வந்து நின்று என் மகள் இறங்கினாள். அவள் தேவதூதர் வேடம் போட்டிருந்தாள். நீல கிரேப் காகிதத்தில் சிறகு. இரண்டு நாள் ராத்திரி உட்கார்ந்து, மடிப்பு மடிப்பாக வெட்டி, மூங்கில் சிம்பில் நூலால் கட்டி நாங்கள் இருவரும் செய்தது. திறந்த வண்டியில் பனியில் வந்ததில் அந்தச் சிறகு நனைந்து கூழாகி முதுகோடு ஒட்டிக்கிடந்தது. நீலச் சாயம் வெள்ளைச் சீருடையில் தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரை இறங்கியிருந்தது. மூன்று முறை துவைத்தேன். தோளில் உள்ள நீலம் போகவில்லை. அந்தச் சட்டையைத்தான் இந்த ஆண்டும் போட்டுக்கொண்டு வருகிறாள்.

இதெல்லாம் முடிந்த கதை என்றுதான் நினைத்திருந்தேன். சென்ற வாரம் மளிகைக் கடையில் அவளுடைய பாட்டு டீச்சரைப் பார்த்தேன். "உங்கள் மகள் இந்த வருடம் ஏன் பாட்டுக் குழுவில் சேரவில்லை? தொண்டை சரியில்லை என்றாளே, டாக்டரிடம் காட்டினீர்களா?" என்று அக்கறையாகக் கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் தொண்டைக்கு ஒரு குறையும் இல்லை. களத்தில் காப்பிக் கொட்டையைக் கிளறிக் காயவைக்கும்போது கிறிஸ்துமஸ் பாட்டைத்தான் பாடிக்கொண்டிருக்கிறாள், எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது மனப்பாடமாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து கேட்டேன். முதலில் மழுப்பினாள். பிறகு சொன்னாள்: "போன தடவை மாதிரி நீங்கள் ரோட்டில் நிற்க வேண்டாம் அம்மா."

விசாரித்தால், எங்கள் ஊரிலிருந்து எட்டாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் படிக்கும் ஐந்து பெண் பிள்ளைகளில் நான்கு பேர் இப்படி ஆளுக்கொரு காரணம் சொல்லி விலகியிருக்கிறார்கள். ஒருத்திக்குத் தலைவலி, ஒருத்தி வீட்டில் விசேஷம். யாரும் உண்மையைச் சொல்லவில்லை. நீங்களும் கேட்டிருக்க முடியாது. பயிற்சிக்கு வந்த பிள்ளைகளைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். வராத பிள்ளைக்கு ஆசை இல்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். தலைமையாசிரியர் அறையில் வந்து சொல்லாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்கு இதுதான் காரணம். மற்ற ஊர்ப் பெற்றோரும் தங்கள் பிள்ளைகளைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

மாலையில் கிறிஸ்துமஸ் விழா வைக்கும் வழக்கம் இந்த மலைக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். ஏற்காட்டுக்குப் பெயர் வாங்கித் தந்தவை விடுதிப் பள்ளிகள். மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917 முதல் இருக்கிறது. அங்கே தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை விழா பொருத்தமானது. விளக்குகள் எரியும், நட்சத்திரம் ஒளிரும், விழா முடிந்ததும் பிள்ளைகள் படியேறிப் படுக்கைக்குப் போய்விடலாம். அதைப் பார்த்து வளர்ந்த நமக்கும் கிறிஸ்துமஸ் விழா என்றால் இருட்டியபிறகுதான் என்று மனத்தில் பதிந்துவிட்டது. ஆனால் நம் பள்ளி பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போகும் பிள்ளைகளின் பள்ளி. நட்சத்திரத்துக்குள் பல்பு எரிவது பகலில் அவ்வளவாகத் தெரியாதுதான். அந்த ஒன்றைத் தவிர வேறு எதையும் நாம் இழக்கப் போவதில்லை.

ஆகவே என் முதல் வேண்டுகோள்: தேர்வு முடிகிற அன்று மதிய உணவு முடிந்ததும் 1.30 மணிக்கு விழாவைத் தொடங்கி, 4 மணிக்கு முடித்துவிடுங்கள். சிறப்பு விருந்தினர் வரத் தாமதமானால் பாட்டையும் நாடகத்தையும் முதலில் வைத்துக்கொள்ளலாம், உரையைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். மலைப்பாதையை அறிந்தவர் யாரும் அதற்காக மனம் வருந்த மாட்டார்.

பெற்றோர் கூட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுற்றறிக்கையில் புதன்கிழமை காலை 10 மணி என்று இருக்கிறது. தயவுசெய்து அதை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுங்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் இந்த மலைக்குக் காப்பிச் செடி வந்தது. அன்றிலிருந்தே டிசம்பர் என்றால் எங்களுக்குப் பழம் பறிக்கிற மாதம். ஒரு செடியில் எல்லாப் பழமும் ஒரே நாளில் சிவப்பதில்லை. மூன்று நான்கு முறை திரும்பத் திரும்பப் போய்ப் பழுத்ததை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும். ஒரு சுற்று தவறினால் பழம் உதிர்ந்து மண்ணில் கிடக்கும். இடையில் மழை பெய்தால் வெடித்துவிடும். பறித்த பழத்தை அன்று மாலைக்குள் பல்ப்பரில் போட்டுத் தோலை நீக்கியாக வேண்டும், இல்லையென்றால் புளித்துக் கெட்டுவிடும். எனக்கு இருப்பது இரண்டு ஏக்கர், நான் எப்படியாவது ஒரு நாளைச் சமாளித்துக்கொள்வேன். எஸ்டேட்டில் கிலோ கணக்கில் கூலி வாங்கும் தாய்மாருக்கு அந்த ஒரு நாள் என்பது அன்றைய அடுப்பு. ஆண்டில் கை நிறையக் காசு பார்க்கும் மாதமே அவர்களுக்கு இதுதான். அவர்கள் கூட்டத்துக்கு வராததைப் பார்த்து, 'இந்தப் பெற்றோருக்குப் பிள்ளை படிப்பில் அக்கறை இல்லை' என்று எந்த ஆசிரியரும் எண்ணிவிடக் கூடாது. அப்படி ஒரு பேச்சு என் காதிலும் விழுந்தது, அது என்னை வருத்தியது.

உடன் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். விடுமுறையில் பத்தாம் வகுப்புக்கு ஆசிரியர்கள் தங்கள் விடுப்பை விட்டுவிட்டு வந்து பாடம் நடத்துகிறார்கள். அந்த நாட்களில் பிள்ளைகளைப் பழம் பறிக்கக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். ஆள் பற்றாக்குறை எனக்கும் உண்டு. என் மகனும் பத்தாம் வகுப்புதான். அவன் கூடையை எடுத்தால் நான் பிடுங்கி வைத்துவிடுகிறேன். பொதுத்தேர்வுக்கு இன்னும் சில மாதங்களே இருக்கின்றன. விடுமுறையில் சத்துணவு இருக்காது என்பதால், தூரத்துப் பிள்ளைகள் சோறு கட்டிக்கொண்டு வந்தால் உட்கார்ந்து சாப்பிட ஒரு வகுப்பறையும் குடிதண்ணீரும் மட்டும் பள்ளியில் ஏற்பாடு செய்து கொடுங்கள், போதும்.

அறிவியல் கண்காட்சியைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் தண்ணீர் புட்டியை வெட்டி மழைமானி செய்து பள்ளிக் கூரையில் வைத்து, காலை 8.30 மணிக்கு அளவெடுத்து நோட்டில் குறித்து வருவதை என் தங்கை மகன் கொண்டுவந்து காட்டினான். வானிலை நிலையங்களிலும் அந்த நேரத்தில்தான் அளக்கிறார்கள் என்று அவன் எனக்குப் பாடம் எடுத்தான். புயலுக்குப் பிறகு பள்ளி திறந்த அன்று புட்டி நிரம்பி வழிந்திருந்ததால், அந்தப் பக்கத்தில் எண் எழுதாமல் 'அளக்க முடியவில்லை' என்று எழுதியிருக்கிறார்கள். எத்தனை நேர்மையான பிள்ளைகள்! அந்த நோட்டைக் கண்காட்சியில் முதல் மேசையில் வையுங்கள். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அதைப் பார்க்க வேண்டும். எந்த ஆண்டு எந்த மாதத்தில் எவ்வளவு மழை என்பதை விரலை மடக்கிச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். பிள்ளைகளோடு பேசவிட்டால் இரண்டு தரப்புக்கும் நல்லது.

எங்கள் வீட்டில் கும்பிடுவது சேர்வராயன் சாமியை. மே மாதத் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு மலையுச்சிக் குகைக்கோயிலுக்குப் போய் வருகிறோம். ஆனாலும் டிசம்பர் பிறந்தால் என் பிள்ளைகள் வாசலில் நட்சத்திரம் கட்டச் சொல்கிறார்கள், கட்டுகிறேன். நானும் இந்தப் பள்ளியில் படித்தவள். மாட்டுத் தொழுவத்தில் பிறந்த குழந்தைக்கு இடம் கொடுக்காத சத்திரக்காரராக நாடகத்தில் நடித்திருக்கிறேன். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு "இங்கே இடமில்லை, போங்கள்" என்று சொன்னபோது என் பாட்டி கீழே உட்கார்ந்து அழுதுவிட்டாள். அன்று விழா காலையில் நடந்தது. அதனால்தான் பாட்டியால் வர முடிந்தது.

நேரத்தை மாற்றுவது இன்னும் உங்கள் கையில் இருக்கிறது. தேர்வு தொடங்க நாள் இருக்கிறது, மாற்றிய நேரத்தைப் பிள்ளைகளின் டைரியில் ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும். பாட்டு டீச்சர் அந்த நான்கு பிள்ளைகளையும் தனியாகக் கூப்பிட்டு, "விழா 4 மணிக்கு முடிந்துவிடும், வருகிறீர்களா?" என்று ஒருமுறை கேட்க வேண்டும். அவர்களாக வந்து கேட்க மாட்டார்கள்.

குடில் கட்டும் பொருள்களை இந்த ஆண்டு எங்கள் ஊர் பார்த்துக்கொள்கிறது. முன்னணையில் போடச் சாமைத் தாள் இருக்கிறது, போன மாத அறுவடையில் எடுத்துக் காயவைத்தது. கூரைக்குக் கவாத்து செய்து போட்ட காப்பிக் குச்சிகள், தரையில் விரிக்கச் சில்வர் ஓக் சருகு, பாறையிலிருந்து எடுத்த பச்சைப் பாசி எல்லாம் சேர்த்துவைத்திருக்கிறோம். வரும் சனிக்கிழமை காலை 8 மணி பஸ்ஸில் மூன்று மூட்டைகளாக ஏற்றி அனுப்புகிறேன். பாசி மூட்டை ஈரமாக இருக்கும், அதைச் சாமைத் தாளின் மேல் வைத்துவிடாமல் தனியாக இறக்கி வைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்,
ஏற்காடு.