பாட்டு கேக்குற குழு ஆண்டறிக்கை: டி.எல். மெனார்டோட கழிஞ்ச வருஷம்

உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். ஆண்டுக் கூட்டத்துக்கு வர முடியாதவங்க நிறைய பேர் கேட்டதால இந்த தடவை அறிக்கைய கொஞ்சம் விரிவாவே எழுதுறேன், பொறுமையா படிங்க.

போன ஆண்டுக் கூட்டத்துல தலைவர் அண்ணன் ஒரு கேள்வி கேட்டார், ஞாபகம் இருக்கும். லூசியானா மாநிலத்து லஃபயெட்ல வந்து குடியிருக்கோம், சனிக்கிழமை எந்தப் பக்கம் போனாலும் அக்கார்டியன் சத்தம் கேக்குது, பாடுறது யாரு, என்ன பாடுறாங்கன்னு நமக்கு ஒண்ணுமே தெரியலையே, இது சரியான்னு. அதுலருந்து வந்ததுதான் இந்த வருஷத் திட்டம், ஒரே ஒரு கேஜன் பாடகர, அதாவது இந்தப் பக்கத்து ஃபிரெஞ்சு பேசுற ஜனங்கள்ல ஒரு பாடகர எடுத்துக்கிட்டு வருஷம் முழுக்க அவர் பாட்ட கேக்குறது. ராஜா சார் பாட்டு, பழைய எம்.எஸ்.வி. பாட்டுன்னு நடக்குற வழக்கமான மாதக் கூட்டம் எல்லாம் எப்பவும்போல நடந்துச்சு, அத பத்தி இங்க எழுதல.

யார எடுக்குறதுன்னு கொஞ்சம் விவாதம் நடந்துச்சு. அக்கார்டியன்காரங்கதான் கேஜன் இசைல பெரிய ஆளுங்க, அவங்கள்ல ஒருத்தர எடுக்கலாம்னு சிலர் சொன்னாங்க. ஆனா நம்ம குழுல பாதி பேருக்கு கிட்டார் பழக்கம் இருக்கு, பாட்டு எழுதுறது, பாடுறது, கிட்டார் அடிக்கிறது மூணையும் சேத்து செஞ்ச ஆளா இருந்தா நல்லதுன்னு கடைசில டி.எல். மெனார்ட் முடிவாச்சு. இங்கருந்து தெக்கால அரை மணி நேரம் கார்ல போனா எராத்னு ஒரு சின்ன ஊர், அங்கதான் 1932ல பிறந்தார். 2017 ஜூலைல 85 வயசுல தவறிட்டார். நம்மள்ல சில பேர் அப்பவே இந்த ஊர்ல இருந்தோம், ஒரு தடவ கூட நேர்ல போய் கேக்கலங்கறது இப்ப நெனச்சா மனசுக்கு கஷ்டமாத்தான் இருக்கு.

முதல் கூட்டத்துல அவரோட வாழ்க்கைய பாத்தோம். விவசாயக் குடும்பம். பதினாறு வயசுல தபால்ல ஆர்டர் போட்டு ஒரு கிட்டார் வாங்குறார், அடுத்த வருஷமே டான்ஸ் ஹால்ல வாசிக்க ஆரம்பிச்சிடுறார். 1951ல பக்கத்து ஊரான நியூ ஐபீரியால டெஷ் கிளப்புங்கற இடத்துக்கு அமெரிக்க கன்ட்ரி இசையோட பெரிய பாடகர் ஹாங்க் வில்லியம்ஸ் வந்து பாடுறார். அன்னைக்கு இந்த பத்தொன்பது வயசுப் பையன் அவர்கிட்ட போய் பேசிட்டு வர்றார், வாழ்நாள் முழுக்க அத சொல்லிட்டே இருந்தார். ரெண்டு வருஷம் கூட ஆகல, 1953 ஜனவரி 1ஆம் தேதி ஹாங்க் வில்லியம்ஸ் செத்துப்போயிட்டார். அதுக்கப்புறம் மெனார்ட் எங்க பாடினாலும் மூக்குல கொஞ்சம் ஏறி நிக்கிற அந்தக் குரல கேட்டு ஜனங்க அவர கேஜன் ஹாங்க் வில்லியம்ஸ்னே கூப்பிட ஆரம்பிச்சாங்க.

இந்தப் பட்டத்த பத்தி நம்ம குழுல நல்ல சண்டையே நடந்துச்சு. எனக்கு இது அவருக்கு பத்தாத பேருன்னுதான் படுது, ஏன்னு சொல்றேன். 1962ல அவர் எழுதின "லா போர்த் தனாரியேர்", பின்வாசல் பாட்டு, இங்க தெரியாத ஆளே கிடையாது. பெட்ரோல் பங்க்ல வேல பாத்துக்கிட்டே, வண்டி வராத நேரத்துல, மொத்தமா ஒரு மணி நேரத்துல எழுதி முடிச்சதா அவரே சொல்லியிருக்கார். ராத்திரி டான்ஸுக்கு போயி குடிச்சிட்டு விடியக்காலைல வீட்டுக்கு பின்வாசல் வழியா நுழையிற ஒருத்தனோட கதை, கடைசில கையில காசு இருக்குறவரைக்கும் இருந்த நண்பர்கள் காணாமப் போயி, அவன் ஜெயிலுக்கு போறதும் பின்வாசல் வழியாத்தான். ஹாங்க் வில்லியம்ஸோட ஒரு பாட்ட மனசுல வெச்சுத்தான் எழுதினார்ங்கறதும் உண்மை. ஆனா ரெண்டையும் அடுத்தடுத்து போட்டு கேட்டோம். ஹாங்க் பாட்டு உக்காந்து கேக்குறதுக்கு. மெனார்ட் பாட்டுல முதல்ல அக்கார்டியன் முழு மெட்டையும் ஒரு தடவ வாசிச்சு காட்டுது, அப்புறம்தான் பாட்டு, சரணம் முடிஞ்சதும் திரும்ப அக்கார்டியன், பாடுறவர் ஒதுங்கிக்கிறார், ஏன்னா எதிர்ல ஜோடி ஜோடியா ஆடுறவங்களுக்கு அந்த நேரம் வேணும். சோகத்த சொல்ற பாட்டா இருந்தாலும் கால் நிக்கக்கூடாது. இந்தக் கணக்கு கன்ட்ரி இசையோட தலைநகரான நாஷ்வில்லருந்து வந்தது இல்ல, எராத், நியூ ஐபீரியா பக்கத்து டான்ஸ் ஹால்ல ஆடின ஜனங்க போட்ட கணக்கு. இத நான் கூட்டத்துல சொன்னப்போ பொருளாளர் அக்கா ஒத்துக்கல, குரல் இல்லாம அந்த ஆளே இல்லன்னாங்க. ரெண்டு பக்கமும் குறிப்பேட்டுல எழுதியிருக்கு.

அந்தப் பாட்ட ரெக்கார்ட் பண்ணது எலியாஸ் பாடோ அக்கார்டியன் வாசிச்ச லூசியானா ஏசஸ் குழு, வெளியிட்டது வில் பிளாட்ங்கற ஊர்ல ரெக்கார்ட் கடை வெச்சிருந்த ஃபிளாய்ட் சொய்லோவோட ஸ்வாலோ கம்பெனி. பெரிய கம்பெனி எதுவும் இத தொடல. பாட்டு நின்னது ஜூக்பாக்ஸ்லயும் டான்ஸ் ஹால்லயும்தான்.

இந்த வருஷத்துலயே ரொம்ப நல்லா அமஞ்சது கிட்டார் கூட்டம். வழக்கமா எடுக்குற ஹால் கடைசி நேரத்துல கிடைக்காமப் போனதால ஒரு உறுப்பினர் வீட்டு கராஜ்ல வெச்சோம், அதுவே நல்லதாப் போச்சு, எல்லாரும் கிட்ட உக்காந்து கையப் பாக்க முடிஞ்சுது. மெனார்ட் தனியா சோலோ வாசிச்சு கைதட்டல் வாங்குற ஆள் கிடையாது. அவர் வேல அக்கார்டியனுக்கும் ஃபிடிலுக்கும் (வயலின்தான்) கீழ தரைய போட்டுக் குடுக்குறது. டூ-ஸ்டெப்ங்கற ரெண்டு தட்டு ஆட்டம்னா கம்பிய மீட்டுற பிக் முதல்ல தடிமனான கம்பிய ஒரு அடி, உடனே மீதிக் கம்பிங்கள கீழ்நோக்கி ஒரு அடி, திரும்ப தடிமனான கம்பி. மூணு தட்டு வால்ட்ஸ் ஆட்டம்னா ஒரு தடவ தடிமனான கம்பி, ரெண்டு தடவ மீதிக் கம்பிங்க. கேக்க சின்ன விஷயம்தான், ஆனா ஒரு கார்ட்லருந்து அடுத்ததுக்கு போறப்ப தடிமனான கம்பில மூணு நாலு ஸ்வரத்த நடந்துபோற மாதிரி வாசிச்சுக்கிட்டே போகணும், ஆடுறவங்களுக்கு அடுத்து எங்க திரும்பணும்னு அதுதான் சொல்லிக்குடுக்குது. கூடவே பாடவும் வேணும், மைக் சரியில்லாத ஹால்ல கடைசி வரிசைக்கு கேக்குற மாதிரி. நம்ம கிட்டார் வாசிக்கிற தம்பிங்க ஒருத்தரால கூட பாடிக்கிட்டே அந்த நடைய விடாம பிடிக்க முடியல, கை நின்னுடுது இல்லன்னா வார்த்தை நின்னுடுது. அக்கார்டியன் பக்கமும் ஒரு கட்டுப்பாடு இருக்கு, கேஜன் அக்கார்டியன்ல ஒரே வரிசைல பத்து பட்டன்தான், பெரும்பாலும் சி இல்லன்னா டி ஸ்ருதி, அதுக்குத் தகுந்த மாதிரி பாடுறவர் தன் குரல ஏத்திக்கணும். அவர் குரல் அவ்ளோ மேல போறதுக்கு அதுவும் ஒரு காரணம்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது. பசங்களுக்கு ட்ரையாங்கிள், அந்த முக்கோண இரும்புத் தாளக் கருவிய குடுத்து உக்கார வெச்சோம், அந்தக் காலத்துல வைக்கோல் வாரி இழுக்குற இரும்புக் கருவியோட பல்லை வளைச்சுத்தான் அத செய்வாங்கன்னு சொன்னதும் அவங்களுக்கு ஒரே சந்தோஷம்.

அடுத்து எராத் பயணம். அகேடியன் மியூசியம் பாத்தோம், 1755ல இப்போ கனடால இருக்குற நோவா ஸ்கோஷியாலருந்து பிரிட்டிஷ்காரங்க அகேடியன்கள, அதாவது கேஜன் ஜனங்களோட முன்னோர்கள, துரத்தினதுலருந்து எல்லாம் இருக்கு, போகாதவங்க போயிட்டு வாங்க. ஆனா எனக்கு மனசுல நின்னது நாற்காலிதான். மெனார்ட் பாட்டால சாப்பிட்ட ஆள் இல்ல, எராத்ல ஒரு சின்னப் பட்டறை வெச்சு ஆஷ் மரத்துல நாற்காலி செஞ்சு குடும்பத்த காப்பாத்தினார், ஏழு பிள்ளைங்க. முதுகுப் பக்கம் குறுக்குப் பட்டை வரிசையா வெச்ச நாற்காலி, ராக்கிங் சேர் எல்லாம் செஞ்சார். வார நாள் பூரா கடைசல் மெஷின் முன்னாடி, சனிக்கிழமை டான்ஸ் ஹால். பட்டறை ஒரு தடவ தீப்பிடிச்சு போச்சு, திரும்ப கட்டினார். 2005 செப்டம்பர்ல ரீட்டா புயல் வந்து கடல் தண்ணி எராத்துக்குள்ளயே ஏறினப்ப திரும்ப எல்லாம் போச்சு. கேட்ரினா புயல பத்தி ஊரே பேசுது, நாலே வாரத்துல வந்த ரீட்டாவ பத்தி இந்தப் பக்கத்து ஜனங்க தவிர யாரும் பேசுறதில்ல. நம்ம அறிக்கைலயாவது அது இருக்கட்டும்.

மொழி விஷயமும் கூட்டத்துல நிறைய பேசினோம். 1921 லூசியானா அரசியல் சட்டத்துல பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் மட்டும்தான்னு போட்டுட்டாங்க, அதுக்கப்புறம் ஃபிரெஞ்சு பேசின பிள்ளைங்கள வாத்தியாருங்க அடிச்சாங்க, முட்டி போட வெச்சாங்க. மெனார்ட் அந்தத் தலைமுறை. அவர் ஹாங்க் வில்லியம்ஸ் மாதிரி இங்கிலீஷ்லயே பாடி நாஷ்வில் போயிருக்கலாம், குரல் இருந்துச்சு. அவர் எழுதினது ஃபிரெஞ்சுல. 1984ல நாஷ்வில்காரங்களோட, அதுவும் ஹாங்க் வில்லியம்ஸ் கூட வாசிச்ச ஆளுங்களையே வெச்சு ஒரு ஆல்பமும் பண்ணார். அரசாங்கம் அனுப்பி முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு போயி இதே பாட்டுங்கள பாடினார், 1994ல நாட்டுப்புறக் கலைக்கு அமெரிக்க அரசாங்கம் குடுக்குற நேஷனல் ஹெரிட்டேஜ் ஃபெலோஷிப் குடுத்தாங்க, 2010ல வந்த ஹாப்பி கோ லக்கி ஆல்பம் கிராமி பரிந்துரை வரைக்கும் போச்சு. அந்த ஆல்பம் வந்தப்ப அவருக்கு 78 வயசு. வீட்டுல பிள்ளைங்க தமிழ் பேசமாட்டேங்குதுன்னு நம்ம குழுல புலம்பாத அம்மா அப்பா கிடையாது, அன்னைக்கு கூட்டம் முடிய ராத்திரி பதினொண்ணு ஆனதுக்கு அதுதான் காரணம்.

யூனிஸ்ங்கற ஊர்ல மார்க் சாவ்வாவோட அக்கார்டியன் கடைல சனிக்கிழமை காலைல நடக்குற ஜாமுக்கும் (எல்லாரும் சேந்து உக்காந்து வாசிக்கிறது) ஒரு குழுவா போனோம், மெனார்டோட ஒரு ஆல்பத்துல அக்கார்டியன் வாசிச்சவர் அவர்தான். புதுசா வர்றவங்களுக்கு ஒரு வேண்டுகோள், அங்க போனா பேசாம கேளுங்க, வீடியோ எடுக்குறதுக்கு முன்னாடி அனுமதி கேளுங்க. அக்டோபர்ல ஜிரார்ட் பார்க்ல நடந்த அகேடியன் விழாவுக்கு நம்ம ஆளுங்க நெறைய பேர் வந்தது ரொம்ப சந்தோஷம்.

கணக்கு விஷயம்: சந்தா எல்லாம் வந்தாச்சு, செலவு போக கொஞ்சம் மிச்சம் இருக்கு, விவரம் பொருளாளர் அக்கா தனியா அனுப்புவாங்க. மிச்சத்துல ஒரு நல்ல ஸ்பீக்கர் வாங்கலாம்னு தீர்மானம் போட்டிருக்கோம், பழைய ஸ்பீக்கர்ல தடிமனான கம்பி சத்தம் கேக்கவே மாட்டேங்குது, மெனார்ட் கிட்டார கேக்க அது ரொம்ப முக்கியம்.

அடுத்த வருஷத்துக்கு நான் முன்மொழியிறது கிளியோமா ப்ரோ. பாடகி, கிட்டாரும் வாசிப்பாங்க. 1928 ஏப்ரல்ல நியூ ஆர்லியன்ஸ்ல கொலம்பியா கம்பெனிக்காக ஜோ ஃபால்கன் அக்கார்டியனோட பாட கிட்டார் வாசிச்சது இவங்கதான், கேஜன் இசைல வெளிவந்த முதல் ரெக்கார்டே அதுதான். அப்புறம் அவரயே கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. பொம்பளைங்க டான்ஸ் ஹால் மேடை ஏறுறதே அபூர்வமா இருந்த காலத்துல உலோக உடம்பு போட்ட நேஷனல் கம்பெனி கிட்டாரோட நிக்கிற ஒரு போட்டோ இருக்கு, குழு வாட்ஸாப்ல போடுறேன். 1941லயே இறந்துட்டாங்க, 35 வயசு கூட முடியல. மெனார்ட் கிட்டார்ல போட்ட தரை எங்கருந்து ஆரம்பிச்சதுன்னு பாக்கணும்னா இவங்ககிட்டருந்துதான் பாக்கணும்.

புதுக் கமிட்டிக்கு பேர் குடுக்குறவங்க இந்த மாசக் கடைசிக்குள்ள தலைவர் அண்ணன்கிட்ட சொல்லிடுங்க. செயலாளர் பொறுப்புக்கு இளைஞர்கள் யாராவது முன்வந்தா நான் கூடவே இருந்து எல்லாம் சொல்லித் தர்றேன், குறிப்பேடும் பாட்டுப் பட்டியலும் ஒழுங்கா வெச்சிருக்கேன், அப்படியே கைல குடுத்துடலாம்.

இப்படிக்கு,
செயலாளர்