பயாஹிபே ரோஜாவைப் பற்றி மகளுக்கு

திண்டுக்கல்

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலியும் குறைந்திருக்கிறது. உன் கப்பல் டொமினிக்கன் குடியரசின் லா ரொமானா துறைமுகத்தில் நின்ற நாளில், பக்கத்து ஊரான பயாஹிபேக்குப் போய் நீ எடுத்தனுப்பிய படம் கிடைத்தது. எல்லோரும் ரோஜா என்கிறார்களே, உண்மையில் இது என்ன செடி என்று கேட்டிருந்தாய்.

படத்தைப் பெரிதாக்கி இலைக்காம்பின் இடுக்கைப் பார். பஞ்சு ஒட்டியதுபோல் ஒரு சிறு மேடும், அதிலிருந்து கொத்தாகக் கிளம்பும் முட்களும் தெரியும். அந்த மேடு ரோஜாவில் கிடையாது. அது காக்டஸ் குடும்பத்தின் அடையாளம். கள்ளி என்று எழுதத் தயங்குகிறேன், ஏனென்றால் நம் சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் பால் வடியும் செடிகள், ஆமணக்கின் உறவினர்கள். காக்டஸோடு அவற்றுக்குச் சொந்தம் இல்லை.

இலையின் வேலையைத் தானே செய்யும் இலைத்தொழில் தண்டுக்கு எடுத்துக்காட்டாகச் சப்பாத்திக்கள்ளியைக் கரும்பலகையில் வரைந்து, காக்டஸின் இலைகளெல்லாம் முட்களாகிவிட்டன என்று 30 ஆண்டுகள் மாணவர்களுக்குச் சொல்லிவந்தேன். நீ அனுப்பிய செடி அந்தப் பாடத்துக்கு அடங்காதது. இதற்கு அகன்ற பச்சை இலைகள் உண்டு. உணவு தயாரிக்கும் வேலையை அவையே செய்கின்றன. தண்டில் காற்று போய்வரும் இலைத்துளைகள் இல்லாததோடு, இளமையிலேயே மரப்பட்டையும் மூடிக்கொள்வதால், மற்ற காக்டஸ்களின் பச்சைத் தண்டு செய்யும் வேலையை இதன் தண்டு செய்வதில்லை. முன்பு பெரெஸ்கியா என்ற பேரினத்தில் வைத்திருந்த இதையும் இதன் நெருங்கிய இனங்களையும் 2013இல் லூவன்பெர்கேரியா என்று தனியே பிரித்ததற்கு இந்தத் தண்டு வேறுபாடும் ஒரு காரணம். முழுப்பெயர் லூவன்பெர்கேரியா கிஸ்கேயானா; கிஸ்கேயா என்பது டொமினிக்கன் குடியரசு இருக்கும் தீவின் பழங்குடிப் பெயர்களுள் ஒன்று.

1980இல்தான் தாவரவியலாளர் அலென் லியோஜியே இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். 2011இல் சட்டம் இயற்றி, மகோகனிப் பூ இருந்த இடத்தில் இதை அந்நாட்டின் தேசிய மலராக்கினார்கள். உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத இந்தச் செடிக்கு அந்த மரியாதை பொருத்தமானதே, ஆனால் பட்டம் மட்டும் செடியைக் காப்பாற்றிவிடாது. தென்கிழக்குக் கரையோரத்தின் சிறு பகுதிதான் இதன் பிறப்பிடம்; சுற்றுலா விடுதிகள் தேடிவருவதும் அதே கரையைத்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நம் பனையைப் போல இதிலும் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆண் செடியின் கிளையை வெட்டி ஊரெல்லாம் நட்டாலும் அத்தனையும் ஆணாகவே வளரும். பக்கத்தில் ஒரு பெண் செடி இல்லாவிட்டால், பூத்துக் குலுங்குமே தவிர விதை பிடிக்காது.

ஆகையால், அப்பாவின் தோட்டத்துக்கு என்று ஆசைப்பட்டு ஒரு குச்சியைக்கூட ஒடித்துவிடாதே, அம்மா. மறுமுறை கப்பல் அங்கே நின்றால், அதே செடியில் காய் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து எழுது.

அன்புடன்,
அப்பா