காது கொடுத்துக் கேட்டவர்களுக்கு நன்றி

தேவிபட்டினம் முதல் தொண்டி வரையுள்ள முன்னாள் ராணுவச் சொந்தங்களுக்கு வணக்கம். என் டிஸபிலிட்டி பென்ஷன் (பணியால் வந்த உடல் குறைக்கான பென்ஷன்) வழக்கு ஜெயித்த சேதி பலருக்கும் எட்டியிருக்கும். யார் யாரால் ஜெயித்தது என்று சொல்லத்தான் இந்த மடல்.

ஓய்வு பெறும்போது மெடிக்கல் போர்டு என் காது கேளாமையை 30 சதவீதம் என்று போட்டது. கூடவே, அது ராணுவப் பணியால் வந்ததும் இல்லை, கூடியதும் இல்லை என்று ஒரு வரி. அந்த வரி விழுந்தால் உடல் குறைக்கான பங்கு பென்ஷன் கிடையாது. 105 மி.மீ. பீரங்கிக்குப் பக்கத்திலேயே காலம் தள்ளியவனுக்குக் காது வேறு எப்படிப் போகும்? மேல்முறையீட்டையும் தள்ளிவிட்டார்கள். சரி, போகட்டும் என்று மைத்துனரின் படகுக் கணக்கைப் பார்க்கப் போய்விட்டேன்.

விடாமல் துரத்தியவர் சங்கத்து சுபேதார் அண்ணன். வீட்டுக்கே வந்து ட்ரங்க் பெட்டியைத் திறக்கச் சொன்னார். உப்புக்காற்றில் பூட்டு இறுகிப்போய், மண்ணெண்ணெய் விட்டுத்தான் திறந்தோம். தேவ்லாலியில் பீரங்கி ஃபயரிங் பயிற்சி முடிந்து காதில் ரத்தம் கசிந்து ஆஸ்பத்திரியில் படுத்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு, அடித்தகரத்தோடு ஒட்டிக் கிடந்தது. அண்ணன் நகத்தாலேயே நெம்பி, கிழியாமல் எடுத்தார். ராணுவத்தில் சேர்ந்த அன்று எடுத்த மருத்துவப் பரிசோதனைத் தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்க வைத்ததும் அவர்தான்.

காதில் குறை எதுவும் பதிவாகாத அந்தத் தாளின் அருமையைச் சொன்னவர் சென்னை வக்கீலம்மா. சேரும்போது பதிவாகாத நோயால் பின்னால் ஒருவர் வெளியேற நேர்ந்தால், அது பணியால் வந்ததென்றே கொள்ள வேண்டும், இல்லையென்று நிரூபிப்பது அரசின் வேலை என்று 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2014 ராம் அவதார் தீர்ப்பின்படி, பணிக்காலம் முடித்து வந்தவருக்கும் 30 சதவீதத்தை 50 ஆக உயர்த்திக் கணக்கிட வேண்டும். சென்னை ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் இரண்டையும் வைத்து வாதாடினார். தீர்ப்பு சொன்னது என் காதில் விழவில்லை. வீட்டுக்காரம்மாதான் தொடையில் தட்டி, "கெடச்சிருச்சுங்க" என்றாள்.

மனுவைத் திருத்தித் தந்த மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத் தம்பிக்கும், ஸ்பார்ஷ் என்ற ராணுவ பென்ஷன் இணையதளத்தில் ஓ.டி.பி. வரும்வரை பொறுமையாக உட்கார்ந்திருந்த ப்ரவுசிங் சென்டர் தங்கச்சிக்கும் நன்றி.

அப்புறம், 'பணியால் வந்ததல்ல' என்ற கடிதத்தை யாராவது பீரோவில் வைத்திருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள். தீர்ப்பு நகல் என்னிடம் இருக்கிறது. போன் வேண்டாம், நேரில் வாருங்கள். கொஞ்சம் சத்தமாகப் பேசுங்கள்.