இந்தியா–இலங்கைக் கடிதத்துக்குச் சலுகைக் கட்டணம் வேண்டும்

ஆசிரியருக்கு,

1947 டிசம்பர் 10 அன்று அன்றைய இலங்கை விமான நிறுவனமான ஏர் சிலோனின் முதல் டகோட்டா விமானம் கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையில் புறப்பட்டு, எங்கள் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறையில் இறங்கித்தான் மெட்ராஸ் போனது. இந்தியாவுக்கு அவ்வளவு கிட்டத்தில் இருக்கிறோம். விமானக் கடிதத்துக்கு எடையும் தூரமும் பார்த்துக் காசு வாங்கிய காலத்தில் ஏரோகிராம்தான் எங்களுக்குக் கைகொடுத்தது, மெல்லிய தாள், கடதாசியும் அதுவே உறையும் அதுவே, உள்ளே ஒரு படம்கூட வைக்க முடியாது, ஆனால் மலிவு, அதனால் ஓரம்வரைக்கும் நுணுக்கி எழுதி நிரப்பினோம். சரி, இப்போது அப்படி மலிவாக எழுத என்ன வழி? நேபாளத்துக்கும் பூட்டானுக்கும் இந்தியா நீண்டகாலம் உள்நாட்டுக் கட்டணமே வாங்கியது. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையில் அப்படி ஓர் ஏற்பாட்டை இரு நாட்டுத் தபால் திணைக்களங்களும் பேசி முடிக்கவேண்டும். யாழ்ப்பாணத்துப் பலாலியும் 2019 முதல் சர்வதேச விமான நிலையம் ஆகிவிட்டது. தபால் பையையும் அங்கிருந்தே ஏற்றுங்கள்.

வாசகர்,
யாழ்ப்பாணம்