விலகிய காரணம்

சுங்கை சிப்புட், பேராக், மலேசியா.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி கல்லூரியில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். இங்கே நலம்தான், எனக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் ரப்பர் தோட்டத்துப் பள்ளியின் பழைய பதிவேடுகள் பத்திரமாக இருக்கின்றன! தோட்டம் கைமாறியபோது ஆபீஸ் ஸ்டோரில் கிடந்த பெட்டிகளை யாரோ ஒரு புண்ணியவான் வட்டார ஆவணக் காப்பகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். இதே வட்டாரத்தில் ஒரு பள்ளியை இடம் மாற்றியபோது பழைய ஏடுகளைக் குப்பையோடு போட்டுக் கொளுத்தியதைப் பார்த்தவன் நான். அதனால் இது எனக்குப் பெரிய செய்தி.

அங்கே பேனாவை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், பென்சில்தான் அனுமதி. சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடுகள் ஒரு கட்டு, இன்ஸ்பெக்டர் வந்து எழுதிவிட்டுப் போகும் குறிப்பேடு, இவ்வளவுதான் மிச்சம். ஓரமெல்லாம் பூச்சி அரித்திருக்கிறது. கிழிசலில் யாரோ அக்கறையாக ஒட்டிய செலோடேப் பழுப்பேறி, அடியில் இருந்த நான்கு பெயர்களையும் விழுங்கிவிட்டது.

வருகைப் பதிவேட்டை ஒரு நாள் விடாமல் எழுதியிருக்கிறார்கள். எல்லாம் பணம் செய்த வேலை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைத்தாக வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. துரைமார்களும் வைத்தார்கள். எப்படி வைத்தார்கள் என்று கேட்காதே. ஒரு கொட்டகை, ஒரு கரும்பலகை, பல தோட்டங்களில் கங்காணியோ, ஆபீஸ் கணக்கெழுதும் கிராணியோதான் வாத்தியார். அப்புறம் அரசாங்க மானியம் வந்தபோது, பிள்ளைகளின் வருகைக் கணக்கைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். வாத்தியார் கணக்கைக் கோட்டை விடுவாரா? மழை நாள்களில் வருகை கூடியிருப்பதையும் கவனித்தேன். பால்வெட்டு இல்லாத நாளில் பிள்ளைகள் ரப்பர் பால் தூக்கப் போக வேண்டியதில்லையே.

ஜப்பான்காரன் காலத்தில் ஏடு அப்படியே வெறுமை. 1946இல் புதிதாகப் பெயர் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். அந்தப் பக்கங்களில்தான் நான் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டேன். தகப்பன் பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் வரிசையாக ‘தாய்மாமன்’, ‘பாட்டி’, ‘சிற்றப்பன்’ என்று இருக்கிறது. ஒருவனுக்கு ‘பக்கத்து லயம்’, அதாவது அடுத்த குடியிருப்பு வரிசை, என்று மட்டும். ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனவர்களில் எத்தனை பேர் திரும்பவில்லை என்பதற்கு நம் தோட்டத்தில் வேறு கணக்கு யாரும் வைத்ததாகத் தெரியவில்லை. வாத்தியார் வைத்திருக்கிறார், தாம் வைக்கிறோம் என்று தெரியாமலே.

ஆண்டு மலர் போடப்போகும் நம் பசங்களோடு எனக்குச் சண்டை வந்ததும் இதனால்தான். டாக்டர், வக்கீல் ஆனவர்களின் பெயர்களை மட்டும் பொறுக்கி எடுத்தால் போதும் என்கிறார்கள். அவர்களைப் பற்றி ஊரே பேசுகிறது, அதற்கு ஏடு எதற்கு? கடைசிக் கட்டத்தைப் படியுங்கள் என்றேன். ‘விலகிய காரணம்’ என்று தலைப்பு. ஐம்பதுகளின் கடைசியில் பார்த்தால் ‘தோட்டத் துண்டாடல்’ (தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றது), ‘வேறு தோட்டம்’. பெண் பிள்ளைகளுக்கு ‘பெரியவளானாள்’. பையன்களுக்கு ‘வேலைக்குச் சேர்ந்தான்’, அவன் வயது பன்னிரண்டு. 1957இல் நாடு முழுக்க 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன, இன்று ஐந்நூற்றுச் சொச்சம். அது எப்படிக் குறைந்தது என்பதற்கு நம் பங்குக் கதை அந்தக் கட்டத்தில் இருக்கிறது.

1969இலிருந்து ‘இந்தியா’, ‘இந்தியா’ என்று பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. குடியுரிமை இல்லாதவனுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று வந்ததே, அதைப் பற்றி உனக்கு நான் சொல்லவா வேண்டும்? சுமார் 60,000 பேர் கிளம்பினார்கள் என்று இப்போது எழுதுகிறார்கள். நம் வகுப்பில் மட்டும் பாதி பெஞ்சு காலி. உன் பெயரும் இருக்கிறது. மேலே சிவப்பு மையில் ஒரு கோடு, பக்கத்தில் ‘இந்தியா’. தகப்பன் தொழில் ‘பால்வெட்டு’. பிறந்த தேதி ஜனவரி 1. சிரிக்காதே, நம் வகுப்பில் பாதிப் பேர் ஜனவரி 1இல்தான் பிறந்திருக்கிறோம். எல்லாம் வாத்தியார் கொடுத்த பிறந்தநாள்.

அந்தத் தேதியை நம்பி இன்றும் ஆட்கள் வருகிறார்கள் தெரியுமா? பிறப்புப் பத்திரம் தொலைந்து, சிவப்பு ஐசி, அதாவது குடியுரிமை இல்லாதவரின் அடையாள அட்டையோடே காலம் தள்ளிய ஒரு கிழவி, பேரனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பதிவு இலாகாவில் காட்ட, இங்கேதான் படித்தேன் என்பதற்கு ஒரு வரி வேண்டுமாம். ‘பார்த்துச் சொல்லுப்பா’ என்று என்னையே கேட்டார், நான்தான் காப்பகத்து ஆள் என்று நினைத்து.

காகிதம் பொடியாவதற்குள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்ய வேண்டும். ஆனால் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் போட்டுவிடக் கூடாது. ‘தகப்பன் பெயர் சொல்லவில்லை’ என்ற வரியெல்லாம் உள்ளே இருக்கிறது, அந்தப் பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் இதே ஊரில் ஒட்டுக்கடை வாசலில் நிற்கிறார்கள். கேட்டு வருகிறவருக்கு அவர் குடும்பத்துப் பக்கத்தைக் காட்டினால் போதும் என்பது என் கட்சி. காப்பகத்துப் பெண்ணும் அதையே சொன்னாள்.

இப்போது உன்னால் ஓர் உதவி வேண்டும். நீ கிளம்பியபோது தலைமையாசிரியர் கொடுத்த விலகல் சான்றிதழை உன் அம்மா தகரப் பெட்டியில் வைத்திருந்தார் என்று முன்பு எழுதினாயே, அது இன்னும் இருக்கிறதா? ஏட்டில் உன் வரியில் சேர்ந்த வருடத்தைப் பூச்சி தின்றுவிட்டது. சான்றிதழில் இருந்தால் குறித்து வைக்கலாம். போனில் படம் எடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பு, அசலைத் தபாலில் போட்டுவிடாதே. பினாங்கில் ரஜூலா கப்பல் ஏறிய தேதி நினைவிருந்தால் அதையும் எழுது. உங்கள் பக்கத்தில் நம் பள்ளிப் பிள்ளைகள் வேறு யாராவது இருந்தாலும் விசாரித்துப் பார்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பெஞ்சுக்காரன்