அந்த மைக்கை முதலிலேயே எடுத்திருந்தால்

வாகன நிறுத்துமிடங்களை நடத்துகிறவர்களுக்கும், அங்கே நாள் முழுக்க வெயிலில் நின்று காவல் பார்க்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

பூட்டிய காருக்குள் நாய் ஒன்று தவிப்பதைப் பார்த்தால் வழியே போகிறவர் கண்ணாடியை உடைக்கலாமா, கூடாதா? ஒவ்வொரு கோடையிலும் இந்தச் சண்டை வருகிறது. உயிர் பெரிதா கண்ணாடி பெரிதா என்று ஒரு பக்கம் கேட்பார்கள். அடுத்தவர் வண்டியில் கை வைக்க நீ யார் என்று மறுபக்கம் கேட்பார்கள். நாயை விட்டுப் போனவரைத் திட்டுவார்கள், உடைத்தவரைப் பாராட்டுவார்கள் அல்லது ஏசுவார்கள். உங்களைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. ஆனால் அந்தக் கார் நிற்பது உங்கள் இடத்தில். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

போன கோடையில் ஒரு மதியம், பெரிய வணிக வளாகம் ஒன்றின் திறந்தவெளி பார்க்கிங்கில் என் வண்டியை எடுக்கப் போனேன். இரண்டு வரிசை தள்ளி ஐந்தாறு பேர் ஒரு காரைச் சுற்றி நின்றார்கள். பின்சீட்டில் பழுப்பு நிறத்தில் ஒரு நாய். கண்ணாடி இரண்டு விரல் அளவுக்கு இறக்கிவிடப்பட்டிருந்தது. அந்த இடுக்கில் மூக்கைக் கொடுத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியின் உள்பக்கம் எச்சில் வழிந்து காய்ந்து, காய்ந்த தடத்தின் மேல் மறுபடியும் வழிந்திருந்தது. கதவுப் பிடிக்குக் கீழே ரெக்சின் உறை நகம் பட்டுக் கிழிந்து தொங்கியது. தண்ணீர்க் கிண்ணம் ஒன்று கால் வைக்கும் இடத்தில் கவிழ்ந்து கிடந்தது.

அங்கிருந்த செக்யூரிட்டியிடம் சொன்னோம். "ஓனர் இப்ப வந்துடுவாரு சார், தண்ணியெல்லாம் வெச்சுட்டுத்தான் போயிருக்காரு" என்றார். மைக்கில் வண்டி நம்பரைச் சொல்லிக் கூப்பிடச் சொன்னோம். அதற்கு மேனேஜர் சொல்ல வேண்டும் என்றார். மேனேஜருக்குப் போன் போட்டார்கள், அவர் மீட்டிங்கில் இருந்தார். கூட்டத்தில் இருந்த ஒரு பையன் தன் வண்டியிலிருந்து வீல் ஸ்பேனரை எடுத்து வந்தான். செக்யூரிட்டி ஓடிவந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நீ உடைச்சுட்டுப் போயிடுவ. என் வேலை போயிடும்." பையன் கையைத் தாழ்த்திவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் நாய் இடுக்கிலிருந்து மூக்கை எடுத்து சீட்டில் படுத்தது. மூச்சிரைப்பும் குறைந்தது. "பாருங்க, தூங்கிடுச்சு" என்று யாரோ சொன்னார்கள். கூட்டத்தில் ஒரு நிம்மதி பரவியதை என்னால் உணர முடிந்தது. எனக்கும் அது வந்தது. அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நாங்கள் முதலில் கேட்டு இருபத்தைந்து நிமிடம் கழித்து மைக்கில் அறிவிப்பு வந்தது. மூன்றே நிமிடத்தில் அந்த மனிதர் ஓடிவந்தார். கையில் பில், தோளில் பை. பத்து நிமிட வேலை என்று நினைத்துப் போயிருக்கிறார், வரிசை நீண்டுவிட்டது. சாவியில் பட்டனை அழுத்தக்கூட விரல் நிற்காமல் நடுங்கியது. நாயைத் தூக்கினோம், தலை தொங்கியது. அவரால் ஓட்ட முடியவில்லை என்பதால் நான்தான் மருத்துவமனைக்கு வண்டியை ஓட்டினேன். ராத்திரி கண் திறந்து பார்த்தது, வாலை அசைத்தது என்றார். விடியற்காலையில் போய்விட்டது.

வெப்பத் தாக்கு அப்படித்தான். உடம்பு குளிர்ந்த பிறகும் சிறுநீரகமும் ஈரலும் அடிபட்டது அடிபட்டதுதான். ரத்தம் உறைய வேண்டிய இடத்தில் உறையாமலும் கூடாத இடத்தில் உறைந்தும் குழம்பிப்போகும். வெளியே எடுத்துவிட்டோம், பிழைத்துவிட்டது என்று நிம்மதி அடைய ஒரு நாளாவது போக வேண்டும். எத்தனை நிமிடம் முன்னால் எடுத்தோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நாய்க்கு நம்மைப் போல உடம்பு முழுக்க வியர்க்காது. பாதத்தின் அடியில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்து, ஈரத்தை ஆவியாக்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. அடைத்த காருக்குள் இருக்கும் காற்று முதலில் சூடாகிறது, பிறகு நாயின் மூச்சாலேயே ஈரமாகிறது. ஈரக் காற்றில் ஈரம் ஆவியாகாது. இரைக்க இரைக்கத் தசைகள் உழைத்து உடம்பு இன்னும் சூடேறுமே தவிர இறங்காது. நாயின் இயல்பான வெப்பநிலை 38.3-லிருந்து 39.2 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் ஆபத்து. இடையில் இரண்டு டிகிரிதான் இருக்கிறது. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கும் வயதான, பருத்த நாய்களுக்கும் அதைக் கடக்க இன்னும் குறைந்த நேரமே போதும்.

கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்திருக்கிறாரே என்று அன்று எல்லாரும் சமாதானம் சொல்லிக்கொண்டோம். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2005-ல் வெளியிட்ட ஆய்வில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். வெளியே 22 டிகிரியிலிருந்து 36 டிகிரி வரை இருந்த வெயில் நாட்களில், நிறுத்திய காரின் உள்ளே ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி ஏறியது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைச் சற்று இறக்கி வைத்ததில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் எதுவும் இல்லை. வெளியே இதமாக இருக்கும் நாளில்கூட உள்ளே 44 டிகிரியைத் தொடும் என்று அர்த்தம். நிழலில் விட்டால் போதுமா? அரிசோனாவில் கடும் வெயில் நாட்களில் செய்து 2018-ல் வெளியிட்ட ஆய்வில், வெயிலில் நின்ற கார்களின் உள்ளே ஒரு மணி நேரத்தில் சராசரி 47 டிகிரி, டாஷ்போர்டு 69 டிகிரி. நிழலில் நின்றவற்றின் உள்ளேயும் 38 டிகிரி. நிழல் கொஞ்சம் நேரம் வாங்கித் தரும், உயிரைக் காத்துத் தராது.

ஆறு பேர் நின்றும் ஏன் யாரும் எதுவும் செய்யவில்லை என்று என்னையே பல ராத்திரி கேட்டிருக்கிறேன். பிப் லட்டானே, ஜான் டார்லி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1968-ல் ஒரு சோதனை நடத்தினார்கள். ஓர் அறையில் உட்கார்ந்து படிவம் நிரப்பிக்கொண்டிருப்பவர் முன் சுவர்த் துளை வழியே புகையை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் நான்கில் மூன்று பேர் எழுந்து போய்ச் சொன்னார்கள். மூன்று மூன்று பேராக உட்கார வைத்த எட்டுக் குழுக்களில், மூன்று குழுக்களில்தான் ஒருவராவது எழுந்தார். மற்றவர் சும்மா இருக்கிறாரே, அப்படியானால் ஒன்றுமில்லை போலிருக்கிறது என்று ஒவ்வொருவரும் மற்றவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே புகைக்குள் உட்கார்ந்திருந்தார்கள். அன்று நாங்கள் பார்த்த முகம் உங்கள் ஊழியரின் முகம். சீருடையில் இருக்கிற ஒருவர் 'ஒன்றுமில்லை' என்று சொன்னதும் எங்கள் எல்லாருக்கும் அது ஒன்றுமில்லாமல் ஆகிவிட்டது. உங்கள் சீருடைக்கு அந்த வலிமை இருக்கிறது. அதே மனிதர் 'நீங்க நாய் டாக்டருக்குப் போன் போடுங்க, நீங்க தண்ணி கொண்டு வாங்க' என்று இரண்டு பேரைக் கைகாட்டிச் சொல்லியிருந்தால், நாங்கள் பறந்திருப்போம்.

அவரைக் குற்றம் சொல்ல நான் எழுதவில்லை. அவர் பயந்தது நியாயமான பயம். அந்தப் பயத்தை அவருக்குக் கொடுத்தது அவரை வேலைக்கு வைத்தவர்கள். டோக்கனின் பின்பக்கம் 'வாகனத்துக்கும் அதிலுள்ள பொருட்களுக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல' என்று அச்சடித்திருக்கிறீர்கள். அதில் உயிர் என்ற சொல் எங்கும் இல்லை. நாயைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று எந்தக் காவலருக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எழுதிக் கொடுக்கப்படாத ஒன்றுக்காக மாதச் சம்பளத்தை அவர் ஏன் பணயம் வைக்க வேண்டும்?

உடைக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில்: உடைக்கலாம், ஆனால் அது கடைசிப் படி. சட்டம் தெளிவாகப் பேசும் இடங்களிலும் அப்படித்தான் இருக்கிறது. அமெரிக்காவில் டென்னசி மாநிலம் 2015-ல் விலங்குகளுக்காக இப்படிக் கண்ணாடி உடைப்பவருக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தது. கலிபோர்னியா 2016-ல் நிறைவேற்றிய சட்டம் வரிசையைத் துல்லியமாகச் சொல்கிறது. கதவு பூட்டியிருக்க வேண்டும். உயிருக்கு உடனடி ஆபத்து என்று உடைப்பவர் மனமறிந்து நம்ப வேண்டும். உடைக்கும் முன் போலீஸ், தீயணைப்பு, விலங்கு நலத் துறை என யாருக்காவது தகவல் சொல்லியிருக்க வேண்டும். தேவைக்கு மேல் சேதம் செய்யக் கூடாது. அதிகாரி வரும்வரை விலங்கோடு அங்கேயே இருக்க வேண்டும். இங்கிலாந்தில் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வேறு விதமாக யோசிக்கிறது. விஷயம் தெரிந்திருந்தால் சொத்துக்காரரே சம்மதித்திருப்பார் என்று நேர்மையாக நம்பிச் சேதம் செய்தவருக்கு அது சட்டபூர்வமான காரணமாக ஏற்கப்படும்.

சொத்துக்காரர் சம்மதித்திருப்பாரா? அன்று மருத்துவமனை வராந்தாவில் அந்த மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "அத்தனை பேர் நின்னீங்களே, ஒருத்தராவது உடைச்சிருக்கக் கூடாதா?" எனக்குப் பதில் இல்லை.

மறுதரப்பில் இருப்பவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. என்ஜினும் ஏசியும் ஓடிக்கொண்டிருக்கும் காரில் நாய் குளுகுளுவென்று உட்கார்ந்திருக்கலாம். டெஸ்லா கார்களில் 2019-லிருந்தே நாய்க்கென்று ஒரு வசதி உண்டு, உள்ளே எத்தனை டிகிரி என்று திரையிலேயே எழுதிக் காட்டும். இதையெல்லாம் பார்க்காமல் கல்லைத் தூக்குவது தவறு. கண்ணாடியில் கை வைத்துப் பாருங்கள், ஏசி ஓடும் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். நாய் எழுந்து உங்களைப் பார்க்கிறதா என்றும் பாருங்கள். எச்சில் கெட்டியாக நூல்போல் தொங்கினாலோ, ஈறு செக்கச்செவேலென்று இருந்தாலோ வெளுத்துப்போயிருந்தாலோ, நிற்கத் தள்ளாடினாலோ, வாந்தி எடுத்தாலோ நேரம் இல்லை. இரைத்துக்கொண்டிருந்த நாய் திடீரென்று அமைதியானால் அதுதான் எல்லாவற்றையும்விட மோசம். அது தூக்கம் இல்லை.

உங்களிடம் நான் கேட்பது பெரிய செலவு எதுவும் இல்லை. வண்டி நம்பர் உங்கள் டோக்கனில் இருக்கிறது, மைக் உங்கள் அறையில் இருக்கிறது. காருக்குள் விலங்கோ குழந்தையோ இருப்பதாக யார் வந்து சொன்னாலும், மேனேஜரைக் கேட்காமல் அந்த நிமிடமே அறிவிக்கும் உரிமையை வாசலில் நிற்கும் கடைசி ஊழியருக்கும் எழுத்தில் கொடுங்கள். நுழைவாயிலில் டோக்கன் கொடுக்கும்போதே பின்சீட்டை ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்கள். நாய் இருந்தால் "கூட்டிட்டுப் போங்க சார், வண்டியில விடாதீங்க" என்று ஒரு வார்த்தை. அன்று அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்திருக்கும், ஏனென்றால் அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை, தெரியாதவர். இரண்டு அறிவிப்புக்கும் ஆள் வராமல், நாயும் சரிகிறது என்றால், போலீசுக்குச் சொல்லிவிட்டு, நேரத்தைக் குறித்து, போனில் படம் எடுத்து, இரண்டு சாட்சிகளை வைத்துக்கொண்டு உங்கள் ஊழியரே திறக்கட்டும். முதலில் நான்கு கதவையும் டிக்கியையும் இழுத்துப் பார்க்க வேண்டும், சில சமயம் ஒன்று திறந்தே இருக்கும். உடைக்க நேர்ந்தால் முன்கண்ணாடி வேண்டாம், அது இரண்டு அடுக்குக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்தது, விரிசல் விடுமே தவிர வழி விடாது. நாயிடமிருந்து தள்ளி இருக்கும் பக்கக் கண்ணாடியின் மூலையில் கூரான இரும்பால் அடித்தால் பெரும்பாலான கார்களில் சிறு சிறு துண்டாக உதிரும். முகத்தைத் திருப்பிக்கொண்டு அடியுங்கள்.

எடுத்ததும் நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். வாயில் தண்ணீரைத் திணிக்கக் கூடாது. ஈரத் துண்டைப் போர்த்தி விடுவார்கள், வேண்டாம், அது சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். அங்கேயே குளிர்வித்துவிட்டுப் பிறகு டாக்டரிடம் ஓடுங்கள். நாங்கள் அன்று மாற்றிச் செய்தோம். நேராக வண்டியில் போட்டுக்கொண்டு ஓடினோம், வழியில் இருபது நிமிடம் போனது.

அறிவிப்பில் என்ன சொல்வது என்று உங்கள் ஊழியர்கள் தடுமாற வேண்டாம். மைக் பக்கத்தில் ஒட்டி வைக்க ஒரு வாசகம் எழுதித் தருகிறேன். நம்பரை மட்டும் நிரப்பி இரண்டு முறை படித்தால் போதும்:

"இந்த நம்பர் வண்டியின் ஓனர் எங்கிருந்தாலும் உடனே பார்க்கிங்குக்கு வாருங்கள். உங்கள் நாய் காருக்குள் வெப்பத்தில் இருக்கிறது. பில் போட நிற்க வேண்டாம், ஓடி வாருங்கள்."

அன்புடன்,
அன்று அந்தக் காரைச் சுற்றி நின்ற ஆறு பேரில் ஒருவன்