சேலை தந்தவர்களுக்கும் முடிச்சுப் போட்டவர்களுக்கும் ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் உள்ள ஒரு சமூக மன்றத்தின் இரண்டாம் தளத்தில் 10 நாள் நடந்த எங்கள் அரூப குவில்ட் (உருவம் எதுவும் காட்டாமல் நிறங்களை மட்டும் இணைத்துத் தைத்த ஒட்டுத்துணிப் போர்வை) கண்காட்சி நல்லபடியாக முடிந்துவிட்டது. நாங்கள் எழுவர் 14 மாதமாகத் தைத்த 19 குவில்ட்டுகளையும் இறக்கி, மடிப்பு விழாமல் அட்டைக் குழாயில் சுருட்டி, அவரவர் வீட்டு அலமாரியில் சேர்த்த பிறகே இந்த மடலை எழுத உட்கார்ந்தேன். குழுவின் சார்பில் எழுதினாலும் இதில் சில கருத்துகள் என்னுடையவை. மற்ற அறுவரும் படித்துப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும், விடு" என்றார்கள்.

உதவியவர்கள் எல்லாருடைய பெயரும் கண்காட்சிக் கூடத்தின் நுழைவாயிலில் ஒரு பலகையில் எழுதப்பட்டிருந்தது. இணையத்தில் பெயர் வர வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே யாரையும் பெயரிட்டுச் சொல்லவில்லை. படிப்பவருக்குத் தம்மைத் தெரியும்.

முதலில் சேலை தந்தவர்களுக்கு. குவில்ட் என்பது மூன்று அடுக்கு: துண்டுத்துணிகளை இணைத்த மேல்முகம், நடுவில் மெல்லிய பஞ்சு விரிப்பு, அடியில் முதுகுத்துணி. இம்மூன்றையும் ஊடுருவிச் செல்லும் தையல்தான் அதற்கு உயிர். அராப் ஸ்திரீட் கடைகளில் புதுத்துணி வாங்கியும் அதைச் செய்திருக்கலாம். ஆயினும் பலமுறை துவைத்துப் பழகிய பருத்திச் சேலை ஊசிக்கு இணங்கிப் போவதைப்போல் புதுத்துணி போகாது என்பதால் பழைய சேலைகளைக் கேட்டு அறிவிப்பு ஒட்டினோம். மூன்றே வாரத்தில் 60க்கும் மேல் வந்து குவிந்தன. காரைக்குடிக் கண்டாங்கி, மதுரைச் சுங்குடி, காஞ்சிப் பருத்தி என்று வந்தவற்றில் சிலவற்றில் இன்னும் பாச்சைக்குண்டு வாசம் இருந்தது. தோ பாயோவிலிருந்து வந்த ஓர் அம்மா தம் கண்டாங்கியைக் கையில் கொடுக்கும்போது, "கரையை எவ்வளவு வேணும்னாலும் வெட்டிக்கோம்மா, முந்தியை மட்டும் விட்டுடு. எம் பிள்ளைங்க மூக்குத் துடைச்ச முந்தி" என்றார். அதை வெட்டவில்லை. அரக்குக் கட்டமிட்ட அந்த முந்தி முழுதாக ஒரு குவில்ட்டின் முதுகுத்துணியாயிற்று. பார்வையாளர்களுக்கு அது தெரிந்திருக்காது. அந்த அம்மாவுக்கு மட்டும் ஓரத்தைத் திருப்பிக் காட்டினோம்.

சாயம் இறங்கிய கதையையும் சொல்லியாக வேண்டும். சுங்குடிச் சிவப்பை முன்கூட்டியே நனைத்துப் பார்க்காதது என் தவறு. ஐந்து வாரம் கையால் தைத்து முடித்த குவில்ட்டை முதன்முறை அலசியபோது வெள்ளைப் பகுதி முழுவதும் இளஞ்சிவப்பாக நின்றதைப் பார்த்து அழுதுவிட்டேன். எங்கள் புளோக்கிலேயே வீட்டுச் சமையல் நடத்தும் அக்கா, விவரம் கேட்டுக்கொண்டு, தம்முடைய பிரியாணி அண்டாவைத் தேய்த்துக் கழுவி மின்தூக்கியில் ஏற்றிக்கொண்டு வந்தார். சுடுநீரும் நிறையத் திரவச் சோப்பும் ஊற்றி, துணி மிதக்கும் அளவுக்குத் தண்ணீர் நிரப்பி, 12 மணி நேரம் ஊறவைத்தால் வெளியேறிய சாயம் மீண்டும் துணியில் படியாமல் நீரிலேயே தங்கிவிடும் என்பது குவில்ட் தைப்பவர்கள் அறிந்த வழி. அதற்கு வேண்டியது பெரிய பாத்திரம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் அவ்வளவு பெரிய பாத்திரத்துக்கு எங்கே போவது? மூன்று முறை நீர் மாற்றினோம். முற்றிலும் போகவில்லை, ஒரு மூலையில் லேசான ரோஜா நிறம் நின்றுவிட்டது. அதை அப்படியே மாட்டினோம். பார்வையாளர் குறிப்பேட்டில் அதிகம் பாராட்டப்பட்டது அந்த மூலைதான் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

எங்களுக்கு முதலில் இடம் தருவதாகச் சொன்ன வேறோர் ஓவியக் கூடம், தையல் வேலை கைவினைப் பிரிவில் சேரும் என்று காரணம் காட்டி, திறப்புக்கு மூன்று வாரத்துக்கு முன் கைவிரித்தது. வருத்தம் இருந்தது, வியப்பு இல்லை. குவில்ட் கலைப்படைப்பாக அருங்காட்சியகச் சுவருக்குப் பரவலாக ஏறியதே அண்மைக் காலத்தில்தான். 1971இல் ஜோனதன் ஹோல்ஸ்டீன், கேல் வான் டெர் ஹூஃப் இருவரும் சேர்த்து வைத்திருந்த அமெரிக்கக் குவில்ட்டுகளை நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டியது. கட்டிலில் விரித்துக் கிடந்தபோது போர்வையாகத் தெரிந்தவை, நிமிர்ந்து நின்றதும் அரூப ஓவியங்களுக்கு நிகராகத் தெரிந்தன. அந்தக் கண்காட்சிக்கு நானும் கடன்பட்டவள்தான். ஆனாலும் அவற்றைத் தைத்த பெண்களில் பெரும்பாலோரின் பெயர் யாருக்கும் தெரியாமலே போனதை நினைத்தால் மனம் ஒப்பவில்லை. பெயருக்காகவே தைத்த பெண்களும் இருந்திருக்கிறார்கள், அதுவும் இதே தீவில். 1942இல் ஜப்பானியர் சாங்கிச் சிறையில் அடைத்து வைத்திருந்த பெண்கள், 66 சதுரங்கள் கொண்ட குவில்ட்டுகளைத் தைத்து, சதுரங்களில் தங்கள் பெயர்களைப் பூத்தையலாக இட்டார்கள். ஆண்கள் பகுதியில் இருந்த கணவன்மார் அதைப் பார்த்து, இவள் உயிரோடுதான் இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ளட்டும் என்பதற்காக. அவற்றுள் இரண்டு இன்று கான்பராவில், ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் உள்ளன.

ஆகவே எங்கள் கூடத்தில் ஒவ்வொரு குவில்ட்டின் பக்கத்திலும் தைத்தவர் பெயர், சேலை கொடுத்தவர் பெயர், விளிம்பு கட்டியவர் பெயர் மூன்றையும் எழுத வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை விடுப்பில் வந்து ஐந்து குவில்ட்டுகளுக்கு விளிம்புப் பட்டி தைத்துக் கொடுத்த மியன்மார் இல்லப் பணிப்பெண்ணின் பெயரை அவருடைய எழுத்திலேயே எழுதச் சொன்னோம். அவர் அதைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினார். அந்த விளிம்புகளின் நேர்த்தி எங்களில் ஒருவருக்கும் வராது.

குழுவின் மூத்தவர், செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்து மறைந்த தம் கணவரின் நீலச் சட்டைகளைத் தயங்கித் தயங்கித்தான் எடுத்து வந்தார். அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூரில் மிசூரி பெட்வே என்ற பெண், இறந்த கணவரின் வேலை உடுப்புகளைக் கிழித்து 1942இல் ஒரு குவில்ட் தைத்ததை நான் சொன்ன பிறகே கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார். முழங்கைப் பகுதியில் வெளுத்துப்போன நீலத்தை அவர் நடுவில் வைத்த விதத்தை எந்தப் பயிலரங்கிலும் கற்றுத் தர முடியாது.

மாட்டும் வேலை எங்களுக்கு முற்றிலும் புதிது. குவில்ட்டின் பின்புறம் மேல்விளிம்பில் 4 அங்குல அகலத்துக்குக் குழாய்போல ஓர் உறை தைத்து, அதனுள் மரச்சட்டத்தைச் செருகினால் எடை ஒரே சீராகப் பரவும் என்பது வரை தெரியும். மன்றத்துச் சுவரில் ஆணி அடிக்க அனுமதி இல்லை என்பது திறப்புக்கு முந்தைய நாள்தான் தெரிந்தது. கூரைக் கம்பியிலிருந்து தூண்டில் நரம்பில் தொங்கவிட்டோம். நாங்கள் போட்ட முடிச்செல்லாம் வழுக்கி வழுக்கி அவிழ்ந்தது. அன்று தொண்டூழியராக வந்திருந்த சீன அங்கிள் ஒருவர் எங்களைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிடோக் படகுத்துறையில் முப்பது ஆண்டு மீன் பிடித்த கையால், நரம்பை ஐந்து சுற்றுச் சுற்றி, எச்சிலால் நனைத்து, மெல்ல இழுத்து இறுக்கினார். காய்ந்த நரம்பை இறுக்கினால் சூடேறி அறுந்துவிடுமாம். 19 குவில்ட்டுக்கும் 38 முடிச்சு, இரவு பதினொன்றரை வரை. 10 நாளில் ஒன்றுகூட அசையவில்லை.

விளக்குகளைப் பார்த்துக்கொண்ட பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவருக்கும் நன்றி. அருங்காட்சியகங்கள் துணிகளுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்தைத்தான் உச்ச அளவாகக் கொள்கின்றன. அதை மதித்து அவர் பாதி விளக்குகளை அணைத்ததால் "ஏன் இப்படி இருட்டா இருக்கு" என்ற கேள்விகளையும் அவரே நின்று சமாளித்தார். இரவில் குளிரூட்டியை நிறுத்திய பின் புழுக்கத்தில் பூஞ்சை பிடிக்காதிருக்க மின்விசிறிகளை ஓடவிட்ட மன்றத்துக் காவலருக்கும், மாதக்கணக்கில் சாப்பாட்டு மேசையை எங்களிடம் இழந்த குடும்பத்தாருக்கும் நன்றி.

"இது என்ன படம்?" என்று கேட்டவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். கோலம் மாதிரி இருக்கிறது என்று பலர் சொன்னார்கள். கோலத்துக்குப் புள்ளியாவது உண்டு, நாங்கள் அளவுகோல் இல்லாமல் வெட்டியவர்கள். ஆனால் கேட்டுவிட்டு நகராமல், ஒரு நிறம் இன்னொன்றைத் தள்ளுவதைப் பத்து நிமிடம் நின்று பார்த்தவர்கள் நிறைய பேர்.

துணியைக் கண்டால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்க்காமல் நம்மவர்களால் இருக்க முடியாது. அதற்காகவே வாயிலில் ஓர் அடிச் சதுரத்தில் ஒரு மாதிரித் துண்டைத் தொட்டுப் பார்க்கத் தொங்கவிட்டிருந்தோம். எட்டாம் நாள் அதன் கீழ்மூலை கருத்து, தையல் விட்டிருந்தது. தேக்கா நிலைய மாடியில் முன்பு தையல் இயந்திரம் போட்டிருந்ததாகச் சொன்ன பெரியவர் ஒருவர், "ஊசி இருக்கா?" என்று கேட்டு வாங்கி, நின்றபடியே அந்த மூலையை எடுத்துக் கட்டினார். "உங்க தையல் கொஞ்சம் பெரிசும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பெயர் கேட்கத் தோன்றவில்லை.

அந்தத் துண்டு என்னிடம் இருக்கிறது. துவைக்கவில்லை. ஐயா, இதைப் படித்தாலோ, யாராவது படித்துச் சொன்னாலோ, மன்றத்து முகப்பில் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். பெயர்ச்சீட்டில் உங்களுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
கண்காட்சிக் குழுவினர் எழுவர் சார்பில்